வெடித்த கேற்றடிக் கொங்கிரீட்டை எடுத்துவிட்டு இன்டர்லொக் கல் பதிப்பது: நம் மட்டக்களப்புப் பக்க மண்ணுக்கு ஏற்ற முறை

எங்கள் வீட்டுக் கேற்றிலிருந்து விறாந்தை வரை போட்டிருந்த கொங்கிரீட் குறுக்கும் நெடுக்குமாக வெடித்துக் கிடந்தது. பூசி மறைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு நாள் முற்றம் கூட்டிவிட்டு விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி வெடிப்புக்குள் விட்டுப் பார்த்தேன். கொங்கிரீட்டின் தடிப்பு நாலு அங்குலம், அதற்குக் கீழே மண் தட்டுப்பட வேண்டும். ஈர்க்கு ஒரு முழம் இறங்கியது. அலவாங்கின் பின்பக்கத்தால் தட்டிப் பார்த்தால் கேற்றடியில் கட்டியான சத்தம், மதில் பக்கம் வந்ததும் வெற்றுப் பானையைத் தட்டுவது போல. அந்தப் பக்கம்தான் கூரைப் பீலியின் குழாய் இறங்கும். ஒவ்வொரு மாரியிலும் அந்தத் தண்ணீர் கொங்கிரீட்டின் ஓரத்தால் உள்ளே போய் அடியிலிருந்த மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. ஒரு பெரும்போக அறுவடை நேரம் நெல் ஏற்றிய உழவு இயந்திரம் உள்ளே வந்ததும் கொங்கிரீட் பாறிவிட்டது.

ஆகவே வேலையைத் தொடங்க முன்னர் ஒன்றை மனதில் வையுங்கள். வெடித்தது கொங்கிரீட் என்றாலும் பழுது கீழே மண்ணில், அந்த மண்ணைக் கெடுத்தது தண்ணீர். அந்தத் தண்ணீருக்கு வழி செய்யாமல் மேலே எவ்வளவு வடிவான கல்லைப் பதித்தாலும் இரண்டு மாரிக்குள் அதுவும் இறங்கும்.

எல்லா வெடிப்புக்கும் உடைக்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மயிரிழை போல வெடித்து, இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில், ஏறி நின்றால் ஆடாமல், தட்டினால் கட்டியாக இருந்தால் அதை நிரப்பிவிட்டு இருக்கலாம், காசை வீணாக்காதீர்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால், ஆடினால், தட்டும்போது கோறையாகக் கேட்டால் மட்டும் மேலே வாசியுங்கள்.

கனடா முறையை அப்படியே எடுக்கலாமா?

எனக்கு ஸ்காபரோவில் சித்தப்பாவின் மகன் ஒருவன் இருக்கிறான். அவன் வீட்டிலும் இதே வேலை, வெடித்த கொங்கிரீட்டை எடுத்துவிட்டுக் கல் பதித்தான். போனில் அவன் காட்டிய குழியைப் பார்த்தால் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டியது போல இருந்தது, சல்லி மட்டும் ஓர் அடிக்கு மேல். "அண்ணா, நீங்களும் இவ்வளவு ஆழம் வெட்டுங்க" என்றான். அவனுக்கு அது சரி. ரொறன்ரோ பக்கம் குளிர்காலத்தில் நிலம் நாலு அடி ஆழம் வரை உறையலாம் என்று எடுத்துக்கொண்டுதான் கட்டடங்களுக்கே அத்திவாரம் போடுகிறார்கள். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும். அதைவிடப் பெரிய தொல்லை, நைசான வண்டல் மண் கீழேயுள்ள ஈரத்தை மேலே இழுத்து இழுத்துப் பனிக்கட்டிப் படலமாக வளர்க்கும், அந்தப் படலம் மேலே இருப்பதையெல்லாம் தூக்கும், பனி கரையும்போது அதே மண் கூழாகிக் கல் புதையும். இதைத் தடுக்கத்தான் ஈரம் தங்காத சல்லியை அங்கே அவ்வளவு தடிப்பாகப் போடுகிறார்கள். பனியைக் கரைக்க அவர்கள் தூவும் உப்பால் கொங்கிரீட்டின் மேல்தோல் செதில் செதிலாக உரிவது அங்கே இன்னொரு தலையிடி.

நமக்கு உறைபனி இல்லை, அந்த ஆழமும் தேவையில்லை. ஆனால் ஈரத்தை அடியில் தங்கவிடாதே என்ற அவர்களின் முறை நமக்கும் அப்படியே பொருந்தும், ஏனென்றால் மட்டக்களப்பில் ஆண்டு மழையின் பெரும்பங்கு நவம்பரிலிருந்து ஜனவரிக்குள் கொட்டித் தீர்க்கிறது, வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள எழுவான்கரையில் அந்த நாட்களில் கிணற்றுத் தண்ணீர் கையால் அள்ளும் உயரத்துக்கு வந்துவிடும்.

உங்கள் மண் எந்தக் கரை மண்?

எழுவான்கரையில், அதாவது கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, அப்படியே தெற்கே கல்முனை, காரைதீவு, திருக்கோவில் வரை, பெரும்பாலும் மணல். மணல் நல்ல மண்தான், நான்கு பக்கமும் அடைத்து வைத்தால் பாரம் தாங்கும், தண்ணீரும் சட்டென்று இறங்கும். ஓரம் திறந்திருந்தால் மட்டும் ஓடிவிடும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல் மண், களி. அது ஓடாது, ஆனால் நனைந்தால் இளகும். அங்கே எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் களிக்கு மேலே வெறும் மணலைப் பரப்பிக் கல்லைப் பதித்தார்கள், முதல் மாரியிலேயே சில்லு போன இடமெல்லாம் இரண்டு வாய்க்காலாகப் பதிந்துவிட்டது. மணல் என்றால் இறுக்கிய சல்லிப் படை 6 அங்குலம், களி என்றால் 8 அல்லது 10 அங்குலம். நெல் மூட்டையோடு உழவு இயந்திரம் உள்ளே வரும் வளவு என்றால் மணலிலும் 8 அங்குலம் போடுங்கள்.

கணக்கை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். பாதை 10 அடி அகலம், 30 அடி நீளம் என்று வையுங்கள், 300 சதுர அடி. நாலு அங்குலக் கொங்கிரீட்டை உடைத்தால் சரியாக 100 கன அடி, ஒரு கியூப், ஏறக்குறைய 7 தொன் பாரம், எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று உடைக்க முன்னரே தீர்மானியுங்கள். மணல் நிலத்தில் வெட்ட வேண்டிய மொத்த ஆழம் 10 அங்குலம்: கல் 3, பரப்பும் மணல் 1, சல்லி 6. அந்தச் சல்லி இறுகிய பிறகு ஒன்றரைக் கியூப், வாங்கும்போது இரண்டு கியூப் எடுங்கள். மணல் கால் கியூப் போதும், இடைவெளி நிரப்பவும் சேர்த்து அரைக் கியூப் சொல்லுங்கள். ஆற்று மணலுக்குப் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் அனுமதிப் பத்திரத்தோடு வரும் வாகனத்தையே பிடியுங்கள், இல்லாவிட்டால் வழியில் மறித்து உங்கள் வேலையும் நின்றுவிடும். கடற்கரை மணல் வேண்டாம். நைசு, உப்பு, கல்லில் வெள்ளை பூக்கும்.

கல் வாங்கும்போது

வாகனம் ஏறும் இடத்துக்கு 80 மில்லிமீற்றர் தடிப்பு. நடைபாதைக்கு 60 போதும், விலை குறைவு என்று அதைக் கேற்றடிக்குப் போடாதீர்கள். வடிவம் பலவிதமாக இருந்தாலும் நான் சொல்வது 200க்கு 100 மில்லிமீற்றர் நீள்சதுரக் கல். சதுர மீற்றருக்கு 50 கல், 300 சதுர அடிக்கு 1,400, வெட்டுக் கழிவும் சேர்த்து 1,500 வாங்குங்கள்.

கல் அடிக்கும் இடத்துக்கு ஒரு சமையலறைத் தராசோடு போங்கள். 80 மில்லிமீற்றர் கல் ஒன்று ஏறக்குறைய 3.7 கிலோ இருக்க வேண்டும். மூன்றேகால் கிலோ காட்டினால் உள்ளே காற்று, சரியாக இறுக்கி அடிக்கவில்லை என்று அர்த்தம். இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், மந்தமாகக் கேட்டால் விட்டுவிடுங்கள். ஓர் ஆணியால் மூலையைக் கீறுங்கள், மாவாக உதிர்ந்தால் சீமெந்து குறைவு அல்லது அடித்த பிறகு தண்ணீர் ஊற்றவில்லை. அடித்து 28 நாள் ஆன கல்லையே கேளுங்கள். பத்துக் கல்லை மட்டமான இடத்தில் வரிசையாக வைத்து மேலே கையால் தடவிப் பாருங்கள், ஏற்ற இறக்கம் கைக்கே தெரியும்.

உடைப்பதும் வெட்டுவதும்

மாரி முடிந்து நிலத்தடி நீர் இறங்கிய பிறகு செய்யுங்கள், ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை எப்போதும் சரி. ஒக்டோபரில் குழியைத் திறந்து வைக்காதீர்கள்.

முதலில் குடிநீர்க் குழாய் எந்த வழியால் வருகிறது, கிணற்று மோட்டர் வயர் எங்கே போகிறது, மலக்குழியின் மூடி எங்கே இருக்கிறது என்று வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுச் சுண்ணாம்பால் கோடு போடுங்கள். 2011 ஜனவரி வெள்ளத்தில் வளவுக்குள் தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றது என்பதையும் அப்போதே கேட்டு மதிலில் குறியுங்கள், நீர்ச்சரிவு தீர்மானிக்கும்போது அந்தக் குறி உதவும்.

கொங்கிரீட்டைக் கிடந்த கிடையில் சம்மட்டியால் அடித்தால் கைதான் வலிக்கும். ஓரத்தில் அலவாங்கைக் கொடுத்து நெம்பி, இரண்டு அங்குலம் தூக்கி, அடியில் ஒரு கல்லை அண்டைகொடுத்துவிட்டு அடியுங்கள். கீழே தாங்கல் இல்லாததால் இரண்டு மூன்று அடியில் பிளக்கும். கண்ணாடியும் முகக்கவசமும் போடுங்கள், தண்ணீர் தெளித்துத் தெளித்து உடையுங்கள். கொங்கிரீட் தூசு நெஞ்சுக்கு மிகவும் கூடாது, நம் ஆட்கள் துவாயை மூக்கில் கட்டிக்கொண்டு நாள் முழுக்க வேலை செய்கிறார்கள், அது போதாது.

வெட்டும்போது இரண்டு பக்கமும் அரை அடி கூட்டி வெட்டுங்கள், விளிம்புக் கொங்கிரீட்டும் சல்லியின் மேலேதான் உட்கார வேண்டும். கறுத்த மண், வேர், பழைய குப்பை வந்தால் அது முடியும் வரை எடுத்துவிட்டு நல்ல மண்ணால் நிரப்புங்கள்.

சரிவு: அடிக்குக் கால் அங்குலம். நீளவாக்கில் கொடுத்தால் 30 அடிக்கு ஏழரை அங்குலம் வந்துவிடும், பல வீடுகளில் கேற்றடி அவ்வளவு தாழ்வாக இருக்காது. குறுக்காகக் கொடுத்தால் 10 அடிக்கு இரண்டரை அங்குலம்தான். அதனால் நான் குறுக்குச் சரிவையே சொல்வேன், தாழ்ந்த பக்கம் உங்கள் சொந்தப் பூங்கன்றுப் பாத்தி இருக்கட்டும், பக்கத்து வளவும் வேண்டாம், வீட்டுச் சுவரும் வேண்டாம். அங்கே இறங்கும் தண்ணீர் உங்கள் கிணற்றுக்கே போகும். சுவரோரம் கல்லின் மேல்மட்டம் வீட்டு ஈரத்தடுப்புப் படைக்கு 6 அங்குலம் கீழே நிற்க வேண்டும். பீலிக் குழாய் இருந்தால் அதை இப்போதே பாதைக்கு வெளியே திருப்புங்கள். நான் முதல் செய்த வேலை அதுதான்.

அடித்தளம்

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், மொத்த வேலையின் உயிரே இங்கேதான். குழியின் அடியை நனைத்து இறுக்குங்கள். மணலுக்கு அதிரும் தட்டு இயந்திரம் நல்லது, தண்ணீர் ஊற்றி அதிரவிட்டால் மணல் ஒன்றோடொன்று அமர்ந்துவிடும். திமிசால் மணலைக் குத்தினால் பக்கத்தில் பிதுங்கும். களிக்குக் குதித்துக் குத்தும் இயந்திரம், அதுவும் களி கையில் ஒட்டாத பதத்தில் இருக்கும்போது மட்டும்.

அதற்கு மேலே ஜியோ டெக்ஸ்டைல் துணி. வீதி வேலைக்குப் பயன்படும் அதே துணிதான். தண்ணீரைக் கீழே விடும், மண்ணையும் சல்லியையும் கலக்கவிடாது. இதற்குப் பதிலாகப் பொலித்தீன் விரிக்கும் வழக்கம் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம், அடியில் தண்ணீரைத் தேக்கி வைப்பது போலாகிவிடும். துணி மேலே துணி ஓர் அடி ஏறி நிற்கட்டும், ஓரங்களில் குழிச் சுவரோடு மேலே ஏற்றிவிடுங்கள்.

சல்லி என்று நான் சொல்வது ஒன்றரை அங்குலத்திலிருந்து தூள் வரை கலந்து வரும் ஏபிசி. வீதிக்கு அடியில் போடுவது. வெறும் முக்கால் சல்லி உருளும், இறுகாது. கிறவல் மலிவு, காய்ந்திருக்கும்போது கல் போல இறுகும், ஆனால் களி கலந்த கிறவல் மாரியில் இளகிவிடும் என்பதால் அதை அடிப்படையில் கொஞ்சம் போட்டாலும் மேல் நாலு அங்குலம் ஏபிசியாகவே இருக்கட்டும்.

வாடகைக்கு எடுக்கும் சின்னத் தட்டு இயந்திரத்தின் அதிர்வு மூன்று நாலு அங்குலத்துக்குக் கீழே போகாது. ஆறு அங்குலத்தையும் ஒரேயடியாகக் கொட்டி மேலே ஓட்டினால் மேல்தோல் மட்டும் இறுகி அடி பொலபொலவென்று இருக்கும். மூன்று அங்குலம் பரப்பு, தண்ணீர் தெளி, நாலைந்து தடவை ஓட்டு, பிறகு அடுத்த மூன்று. இறுகிவிட்டதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த நல்ல பரிசோதனை, கல் ஏற்றிவரும் உழவு இயந்திரத்தையே அதன் மேலே மெதுவாக ஓடவிடுவது. சில்லுத் தடம் பதியாமல் போனால் சரி. எங்காவது மெத்தை போல அமுங்கி எழும்பினால் அந்த இடத்தைத் தோண்டி, ஈரமண்ணை எடுத்து, மறுபடி நிரப்புங்கள். எனக்குக் கேற்றடியில் ஓரிடம் அப்படி அமுங்கியது, தோண்டினால் எப்போதோ வெட்டிய தென்னையின் உக்கிய அடிக்கட்டை.

மேல்மட்டத்தில் நீர்மட்டக் குழாயை வைத்து நூல் கட்டிப் பாருங்கள். சல்லியில் உள்ள பள்ளத்தை மணலால் நிரப்பக் கூடாது, பிறகு அந்த இடம் கல்லோடு இறங்கும்.

விளிம்பும் மணலும்

விளிம்பு இல்லாத பாதை அவிழ்ந்த பாய் மாதிரி, ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று போகும். சல்லியின் மேலே 4 அங்குல அகலத்தில் 1:2:4 (சீமெந்து, மணல், சல்லி) கொங்கிரீட் விளிம்பு ஊற்றி, வெளிப்பக்கம் சாய்வாக முட்டுக் கொடுங்கள். கடலோரத்தில் கம்பி வேண்டாம், மெல்லிய கொங்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்து விளிம்பையே பிளக்கும். தாழ்ந்த பக்க விளிம்பின் தலை, கல்லின் மேல்மட்டத்துக்கு அரை அங்குலம் கீழே இருக்கட்டும், மழைநீர் அதைத் தாண்டிப் போக வேண்டும். அதே பக்கம் ஆறடிக்கு ஒன்றாகச் சல்லி மட்டத்தில் சின்ன பிவிசி குழாய்த் துண்டு வைத்து, வாயில் ஜியோ துணியைக் கட்டிவிடுங்கள். உள்ளே இறங்கிய தண்ணீர் அதனால் வெளியேறும், மணல் வெளியேறாது. விளிம்புக் கொங்கிரீட்டை ஒரு வாரம் நனைத்து விடுங்கள்.

பரப்பும் மணல் கரடான ஆற்று மணல், ஓர் அங்குலம், கூடாது குறையாது. மேசன்மார் பலர் குவாரித் தூளைத்தான் கேட்பார்கள், மட்டம் பிடிக்க இலகு என்பதால். ஆனால் அதிலுள்ள மா போன்ற தூள் ஈரத்தைப் பிடித்து வைத்து, வாகனம் ஏற ஏறச் சேறாகி இடைவெளியால் மேலே வரும். சீமெந்து கலந்து பரப்பச் சொல்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் மறுபடியும் ஒரு மெல்லிய கொங்கிரீட் தகட்டைத்தான் போடுகிறீர்கள், அதுவும் வெடிக்கும், கல்லையும் பிறகு கழற்ற முடியாது.

ஓர் அங்குலத்தைச் சரியாகப் பிடிக்க முக்கால் அங்குல ஜீ.ஐ. குழாய் இரண்டைச் சல்லியின் மேலே படுக்க வையுங்கள், அதன் வெளிவிட்டம் 27 மில்லிமீற்றர். மணலைக் கொட்டி, நேரான பலகையைக் குழாய்களின் மேலே வைத்து இழுத்தால் மட்டம் தானாக வரும். குழாயை எடுத்துவிட்டு அந்தத் தடத்தை மணலால் நிரப்புங்கள். பிறகு அந்த மணலில் மனிதர் மட்டுமல்ல, கோழியும் கால் வைக்கக் கூடாது. அன்றைக்குப் பதிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் பரப்புங்கள்.

பதிப்பு

மீன்முள் வடிவத்தில், அதாவது ஒரு கல்லின் நுனி அடுத்த கல்லின் பக்கத்தில் செங்கோணமாக முட்டும்படி, பதியுங்கள். செங்கல் வரிசை மாதிரிப் பதிப்பது இலகுதான், ஆனால் வாகனம் பிரேக் பிடிக்கும்போதும் சில்லைத் திருப்பும்போதும் வரிசை முழுவதும் ஒரு பக்கமாக நகரும். மீன்முள்ளில் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லைப் பூட்டிப் பிடிக்கும். தொடங்கும் மூலை சரி மூலையா என்று 3, 4, 5 அடிக் கணக்கில் நூல் பிடித்துப் பாருங்கள், ஒரு பக்கம் 3, மறுபக்கம் 4, குறுக்கே சரியாக 5 வர வேண்டும்.

பதித்த கல்லின் மேலே நின்றுகொண்டு முன்னோக்கிப் பதியுங்கள். கல்லை நேரே கீழே வையுங்கள், மணலில் தள்ளி இழுக்காதீர்கள். இடைவெளி 2 அல்லது 3 மில்லிமீற்றர். இரண்டு மூன்று அடுக்கிலிருந்து மாற்றி மாற்றி எடுத்தால் நிற வித்தியாசம் திட்டுத் திட்டாகத் தெரியாது. ஓரத்துக்குக் கிரைண்டரில் வைரத் தகடு போட்டு வெட்டுங்கள், மூன்றில் ஒரு பங்கை விடச் சின்னத் துண்டு வந்தால் பக்கத்துக் கல்லையும் சேர்த்து வெட்டி இரண்டையும் பெரிதாக்குங்கள், சின்னத் துண்டு சில்லுப் பட்டதும் துள்ளிவிடும்.

இயந்திரத்தின் அடியில் பழைய கம்பளம் ஒன்றைக் கட்டி இரண்டு தடவை ஓட்டுங்கள். கல் கால் அங்குலம் வரை இறங்கும், அதை முன்னரே எண்ணிக் கொஞ்சம் உயர்த்திப் பதித்திருக்க வேண்டும். பிறகு அரித்த, நன்றாகக் காய்ந்த நைசு மணலைக் கொட்டிக் கூட்டுங்கள். கச்சான் காற்று வீசும் நாட்கள் இதற்கு அருமையானவை, மணல் ஒரு பகலில் மாவாகக் காய்ந்து இடைவெளிக்குள் தண்ணீர் மாதிரி இறங்கும். மறுபடி ஓட்டு, மறுபடி மணல், இடைவெளி இனிக் குடிக்காது என்னும் வரை. கனடாவில் தண்ணீர் பட்டால் பசை மாதிரி இறுகும் மணலை இதற்குப் போடுகிறார்கள், நமக்குத் தேவையில்லை. எறும்பு கொஞ்சம் மணலை வெளியே தள்ளும், அதற்குப் பிறகு கூட்டி நிரப்பினால் போதும்.

முடிந்த அன்றே வாகனம் ஏற்றலாம். முதல் பெருமழை பெய்து விட்ட அன்று ஒரு தடவை வெளியே வந்து பாருங்கள். எங்காவது தண்ணீர் தேங்கி நின்றால் சுண்ணாம்பால் வட்டம் போட்டு வையுங்கள். காய்ந்த பிறகு அந்த வட்டத்துக்குள் உள்ள கல்லை இரண்டு தட்டை இரும்பால் நெம்பி எடுத்து, ஒரு கை மணல் கூட்டி, மறுபடி வைத்துத் தட்டினால் அரை மணித்தியாலத்தில் சரியாகிவிடும். இடைவெளி மணல் முதல் மாரியில் கொஞ்சம் இறங்கும், தை பிறந்ததும் திரும்ப நிரப்புங்கள். மிஞ்சிய கல்லில் ஒரு ஐம்பதைக் கிணற்றடியில் அடுக்கி வையுங்கள், ஐந்து வருடத்துக்குப் பிறகு அதே நிறத்தில் கல் கிடைக்காது.